வியாபார வலைப்பக்கத்தை நடப்பில் வைத்திருக்கும் விதம்

(விஸ்வநத்தம் பட்டாசு வியாபாரத்தைக் கொண்டு விளக்கியது)

விருதுநகர் ஜில்லாவில் சிவகாசியை அடுத்துள்ள விஸ்வநத்தம் கிராமத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும், நிலமும் கடையும் ஒரே குடும்பத்தாரிடம் இருப்பது சாதாரணமாகக் காணக்கூடியது. மானாவாரிப் புஞ்சையில் மக்காச்சோளமும் பருத்தியும் பயறு வகைகளும் விதைத்து, வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்திருக்கும் குடியானவரே ஆடி முதல் ஐப்பசி வரையில் பட்டாசுக் கடைக்காரராகவும் இருப்பதுண்டு. 1922-ம் வருஷத்தில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியது முதற்கொண்டு, மழையை மாத்திரம் நம்பியிருக்க வேண்டிய நிர்ப்பந்தம் இப்பிரதேசத்தாருக்குப் படிப்படியாகக் குறைந்தது. தீப்பெட்டியும், அதன்பின் பட்டாசும், லேபிள்களுக்காக வந்து வேரூன்றிய அச்சுத் தொழிலும் இவ்வட்டாரத்தின் ஜீவாதாரங்களாயின.

விவசாயப் பத்திரிகையில் வலைத்தளத்தைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்களில் சிலர் வினவக்கூடும். முகாந்திரம் உண்டு. மரச்செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், சிறுதானிய மாவு, கன்று வகைகள், விதை, ராஜபாளையம் பக்கத்து மாம்பழம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா முதலியவற்றைத் தரகரின்றி நேரே விற்க விரும்பும் மிராசுதார்கள் பலர், சிறிது பொருள் செலவிட்டு வலைத்தளம் ஒன்றை ஏற்படுத்திக்கொள்ளுகின்றனர். வாட்ஸ்அப், முகநூல், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றிலும் பக்கம் திறக்கின்றனர். திறந்த மாதத்தில் காட்டும் சிரத்தை மறு வருஷம் இருப்பதில்லை. விதைத்துவிட்டுக் களையெடாத புஞ்சை என்ன ஆகுமோ அதுவே அப்பக்கங்களுக்கும் நேருகிறது. இதனால் விளையும் நஷ்டம் இன்னதென்பதை விஸ்வநத்தம், சிவகாசிப் பட்டாசுக் கடைகளின் நிலைமையிலிருந்து தெளிவாகக் காணலாம். அங்கே சட்டம் மாறியது; விலை வருஷந்தோறும் மாறுகிறது; பண்டிகைத் தேதியும் நிலையாக நிற்பதில்லை; மோசக்காரர்களோ பெருகிவிட்டனர். பழைய பக்கத்தை அப்படியே விட்டுவைப்பதில் உள்ள தீங்குகள் யாவும் அங்கே ஒருங்கே தோன்றுகின்றன.

பட்டாசுக் கடைகளுக்கு நேர்ந்தது

2018-ம் வருஷம் அக்டோபர் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் பட்டாசு சம்பந்தமாக ஒரு முக்கியமான தீர்ப்பு வழங்கினர். பட்டாசை முற்றிலும் தடுக்க மறுத்த அத்தீர்ப்பு, உரிமம் பெற்ற வியாபாரிகளே விற்கலாம் என்றும், இணைய வணிகத் தளங்கள் பட்டாசுக்கு ஆர்டர் ஏற்றல் கூடாது என்றும் விதித்தது. பேரியம் உப்புக்களின் உபயோகமும், ஒன்றோடொன்று பின்னிய சரவெடிகளும் அதே தீர்ப்பினால் விலக்கப்பட்டன. பேரியம், சரவெடி சம்பந்தமான தடையை 2021-ம் வருஷம் அக்டோபரிலும், 2023-ம் வருஷம் செப்டம்பரிலும் கோர்ட்டார் மீண்டும் வலியுறுத்தினர். 2025-ம் வருஷம் அக்டோபரில் டில்லி வட்டாரத்துக்குச் சில தினங்கள் பசுமைப் பட்டாசை அனுமதித்த காலத்திலும் இணைய விற்பனைக்கு இடந்தரவில்லை.

இத்தீர்ப்புக்குப் பின் சிவகாசிக் கடைகளின் தளங்கள் ஒரு புது ரூபம் எடுத்தன. விலைப்பட்டியல் இருக்கும், வேண்டிய சரக்குகளின் எண்ணிக்கையைக் குறிக்கக் கட்டங்கள் இருக்கும், ஆனால் பணம் செலுத்தும் பொத்தான் இராது. கோர்ட் உத்தரவுப்படி இணையத்தில் விற்பதில்லை என்றும், விசாரணையை அனுப்பினால் கடையார் தொலைபேசியில் பேசுவர் என்றும் ஒரு குறிப்புக் காணப்படும். இந்த ஏற்பாடு உத்தரவின் கருத்துக்கு எவ்வளவு தூரம் ஒத்தது என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. அதைத் தீர்ப்பது இப்பத்திரிகையின் வேலையன்று. ஆனால் 2018-க்கு முன் செய்த பக்கத்தைத் திருத்தாமல், பணம் வாங்கும் பொத்தானுடனேயே விட்டுவைத்திருக்கும் கடைக்காரர், தாம் ஒன்றும் செய்யாமலேயே உத்தரவை மீறியவராகக் காட்சியளிக்கிறார் என்பதில் ஐயமில்லை. ஆயிரம் வாலா, ஐயாயிரம் வாலா என்ற பெயர்கள் பழைய பட்டியலில் நீக்கப்படாமல் நின்றால் அதுவும் அத்தகையதே. கடையில் அச்சரக்கு ஒன்றுகூட இல்லாதிருக்கலாம். ஆயினும் பக்கத்தைப் பார்க்கும் அதிகாரிக்கு அது எவ்வாறு தெரியும்?

படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்த முறைப்படி செய்யப்படும் பசுமைப் பட்டாசுப் பெட்டிகளில், அதற்குரிய முத்திரையும் செல்போனால் படிக்கக்கூடிய கட்டக் குறியும் அச்சிடப்பட்டு வருகின்றன. பழைய பெட்டியின் படத்தையே பக்கத்தில் விட்டுவைத்தால், வாங்குபவர் முத்திரையைத் தேடிக் காணாமல் சந்தேகங்கொள்வார். புதுப் பெட்டி கைக்கு வந்த அன்றே ஒரு படம் எடுத்து மாற்றிவிடுவதற்கு அரை மணி நேரமும் ஆகாது.

மோசக்காரருக்கு உதவும் பழைய பக்கம்

இப்போது மிகுந்த கவலை தரும் விஷயத்துக்கு வருவோம். தீபாவளிக்கு முந்திய இரண்டு மாதங்களில், சிவகாசியின் பெயரைச் சொல்லிக்கொண்டு போலிப் பக்கங்கள் தோன்றுகின்றன. உண்மைக் கடைகளின் படங்களும் பட்டியல்களும் அப்படியே எடுக்கப்பட்டு, நம்ப முடியாத மலிவு விலையுடன் இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் விளம்பரமாக வருகின்றன. வாட்ஸ்அப்பில் பேச்சு நடக்கும். பணம் முன்னதாகக் கேட்கப்படும். பணம் போன பின் அந்த எண் பதில் சொல்லாது. 2024-ம் வருஷத் தீபாவளிக்கு முன் தமிழ்நாடு போலீஸ் சைபர் குற்றப் பிரிவினர் இதுபற்றிப் பொதுஜனங்களுக்கு எச்சரிக்கை விடுத்தனர். வெளியூரிலிருந்து பணம் அனுப்பி ஏமாறும் குடும்பங்களின் பொருள் மாத்திரம் இதில் போகவில்லை. சிவகாசி என்ற பெயருக்கே ஊனம் வருகிறது. அப்பெயரைக்கொண்டு பிழைக்கும் சிறு கடைக்காரர் ஒவ்வொருவரும் அந்த ஊனத்தில் பங்கு பெறுகின்றனர்.

இதற்கும் பக்கத்தைப் புதுப்பிப்பதற்கும் என்ன சம்பந்தம் என்றால், தூர தேசத்திலிருந்து பார்ப்பவருக்கு உண்மைப் பக்கத்தையும் போலிப் பக்கத்தையும் பிரித்தறிய வழிகள் சிலவே உள்ளன. விலாசம் இருக்கிறதா, உரிம எண் இருக்கிறதா, தொலைபேசியில் கூப்பிட்டால் ஆள் எடுக்கிறாரா, இவ்வருஷத்துத் தேதி எங்கேனும் காணப்படுகிறதா என்றுதான் அவர் பார்க்க முடியும். நேர்மையான கடையின் பக்கத்தில் சென்ற வருஷத்துத் தீபாவளி வாழ்த்தும், மூன்று வருஷத்துக்கு முந்திய விலையும், எவரும் எடுக்காத எண்ணும் இருக்குமானால், போலிக்கும் மெய்க்கும் வித்தியாசம் என்ன? போலிப் பக்கமோ நேற்றுச் செய்தது. ஆதலால் அதில் எல்லாம் புதிதாகவே இருக்கும். இவ்வாறு அசிரத்தையுள்ள மெய்க்கடை பொய்யாகவும், சுறுசுறுப்புள்ள மோசக்கடை மெய்யாகவும் தோன்றுகிறது. பக்கத்தை நடப்பில் வைத்திருப்பது அலங்காரத்துக்கன்று, அடையாளத்துக்கே என்று நாம் சொல்வது இதனாலேயே.

தேதி விஷயத்தில் பட்டாசு வியாபாரிகளுக்குத் தனிச் சங்கடம் உண்டு. தீபாவளி 2023-ல் நவம்பர் 12-ந் தேதியும், 2024-ல் அக்டோபர் 31-ந் தேதியும், 2025-ல் அக்டோபர் 20-ந் தேதியும் வந்தது. 2026-ல் நவம்பர் 8-ந் தேதி வருகிறது. லாரி ஷெட்டில் பார்சல் ஏற்றுவதற்குக் கடைசி நாள் எது என்பது இதைப் பொறுத்தது. தபாலிலும் ரயிலிலும் பட்டாசு அனுப்பக் கூடாதாகையால் வேறு மார்க்கமும் இல்லை. பழைய கெடுத் தேதி பக்கத்தில் நின்றுவிட்டால், வாங்குபவர் நாளை எண்ணி ஏமாறுவது நிச்சயம்.

வருஷந்தோறும் ஆடிப் பதினெட்டன்று மறு வருஷத்துக் காலண்டர்களின் ஆல்பங்களை வெளியிடுவது சிவகாசி அச்சகத்தார் வழக்கம். தேசம் முழுவதற்கும் வரப்போகும் தேதிகளை ஐந்து மாதம் முன்னதாக அச்சிட்டுத் தரும் ஊரில், சொந்தக் கடையின் பக்கத்தில் போன வருஷத்துத் தேதி தொங்கிக்கொண்டிருப்பது சிறிது வேடிக்கையான காட்சிதான்.

எண் மாறினால்

பருவகால வியாபாரிகள் அநேகர் அறியாத ஓர் ஆபத்தை இங்கே விஸ்தாரமாகச் சொல்ல விரும்புகிறோம். தீபாவளிக்கென்று தனியாக ஒரு சிம் வாங்கி, அதன் எண்ணைப் பக்கத்திலும் பையிலும் நோட்டீஸிலும் அச்சிட்டு, பண்டிகை முடிந்ததும் அதற்குப் பணம் கட்டாமல் பெட்டியில் போட்டுவிடுவது பலருடைய வழக்கம். நெடுநாள் உபயோகிக்கப்படாத எண்ணைக் கம்பெனியார் துண்டித்துவிடுவர். துண்டித்த எண்ணைக் குறைந்தது 90 நாட்களுக்கு வேறொருவருக்குக் கொடுப்பதில்லை என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தார் 2023-ல் சுப்ரீம் கோர்ட்டில் தெரிவித்தனர். அந்தக் கெடு கழிந்த பின் கொடுக்கலாம் என்பதே இதன் மறுபக்கம். கார்த்திகையில் கைவிட்ட எண், அடுத்த ஆடிக்குள் எவரோ ஒருவர் கையில் போய்ச் சேரக்கூடும். அவர் நல்லவராயிருந்தால் தீபாவளி சமயத்தில் ஓயாத கூப்பாட்டினால் தொல்லைப்படுவார். தீயவராயிருந்தால், உங்கள் கடையின் பெயரைக் கேட்டுக்கொண்டே வரும் வாடிக்கைக்காரரிடம் என்ன சொல்வார் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. வாட்ஸ்அப் கணக்கும் பொதுவாக 120 நாட்கள் உபயோகமின்றி இருந்தால் நீக்கப்படும். ஆகவே பக்கத்தில் அச்சிட்ட எண்ணை வருஷம் முழுவதும் உயிருடன் வைத்திருக்க வேண்டும். அதற்கு ஆகும் சிறு தொகை, ஒரு கிப்ட் பாக்ஸின் விலைக்கு மேற்படாது. எண்ணை மாற்றியே தீரவேண்டுமானால், அது எழுதப்பட்ட இடங்களையெல்லாம் ஒரு தாளில் ஜாபிதா எடுத்து, ஒவ்வொன்றிலும் மாற்றிய பிறகே பழையதைக் கைவிட வேண்டும்.

விலைப்பட்டியலிலும் இத்தகைய கஷ்டம் ஒன்று உண்டு. பட்டியலைப் படமாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அது கைக்குக் கை மாறிப் பல வருஷம் உலாவுகிறது. பக்கத்திலுள்ள விலையை நீங்கள் மாற்றலாம். பிறர் செல்போனில் தங்கிய படத்தை மாற்ற இயலாது. ஆதலால் படத்தின் உள்ளேயே, விலைக்கு அருகில், இன்ன வருஷம் இன்ன மாதம் இன்ன தேதி வரையில் செல்லும் என்று எழுதிவிட வேண்டும். செய்திக்குக் கீழே தனியாக எழுதினால் போதாது. படம் மாத்திரம் பிரிந்து போய்விடும். வலைத்தளத்தில் பட்டியலைக் கோப்பாக வைப்பவர்கள், புதிய கோப்புக்குப் பழைய பெயரையே கொடுத்து அதே இடத்தில் வைத்தால், முன்பு பெற்ற இணைப்பை அழுத்துகிறவருக்கும் புதுப் பட்டியலே கிடைக்கும். புதுப் பெயர் கொடுத்துப் பழையதையும் விட்டுவைத்தால் இரண்டு விலைகள் ஒரே சமயத்தில் நடமாடும்.

விதைக் கடைக்கும் செக்கு வைத்திருப்போருக்கும்

பட்டாசு வியாபாரம் இல்லாத வாசகர்களுக்கும் மேற்கூறியவை பெரும்பாலும் பொருந்தும். விதை விற்போர் 1983-ம் வருஷத்து விதைக் கட்டுப்பாட்டு உத்தரவின்படியும், உரம் விற்போர் 1985-ம் வருஷத்து உரக் கட்டுப்பாட்டு உத்தரவின்படியும், அன்றாட இருப்பையும் விலையையும் கடையில் யாவரும் காணும்படி எழுதி வைக்கக் கடமைப்பட்டவர்கள். அவ்வாறு காலையில் பலகையில் சாக்கட்டியால் எழுதும் கை, அதே இரண்டு வரியை வாட்ஸ்அப்பிலும் எழுதிவிட்டால் போதுமானது. இன்ன ரக விதை தீர்ந்துவிட்டது என்ற ஒரு வரி, பத்து மைல் தூரத்திலிருந்து பஸ் ஏறி வரும் குடியானவருக்கு ஒரு நாளை மிச்சப்படுத்தும். நமது அபிப்பிராயத்தில், இருக்கிறது என்ற செய்தியைவிட இல்லை என்ற செய்தியே கடைக்கு அதிக நம்பிக்கையைத் தேடித் தருகிறது.

வரி மாறும்போது பட்டியலும் மாறவேண்டும். 2025-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி முதல் டிராக்டருக்கும் சொட்டு நீர்ப்பாசனக் கருவிகளுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. நெய்க்கும் வெண்ணெய்க்கும் அப்படியே. அந்தத் தேதிக்குப் பின்னும் பழைய விலையைக் காட்டும் பக்கம், கடையில் சரியான விலை வாங்கப்பட்டாலும், அதிகம் வாங்குவதாகவே எண்ணப்படும்.

எண்ணெய், மாவு, பால்கோவா முதலிய உணவுப் பொருள்களை விற்போர், உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணைப் பக்கத்தில் காட்டுவதுடன், அதன் கெடு முடியும் தேதியையும் தம் நாட்குறிப்பில் எழுதி வைக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது; அப்பெயரை உபயோகிக்கத் தமக்கு அதிகாரம் உண்டா என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே பக்கத்தில் எழுதுதல் தக்கது. இணைய வாயிலாக விற்பனை செய்வோருக்கு 2020-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளும் உண்டு. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. வாரத்துக்கு ஒரு முறைகூடத் திறந்து பாராத பக்கத்தில் வரும் புகாருக்கு 48 மணி நேரத்தில் எப்படிப் பதில் எழுதுவது?

சொந்த நிலமும் குத்தகை நிலமும்

வலையில் நமக்குள்ள இடங்கள் இரு வகைப்பட்டவை. நாம் விலை கொடுத்துப் பதிந்த பெயரில் உள்ள வலைத்தளம் சொந்த நிலம் போன்றது. முகநூல், இன்ஸ்டாகிராம், யூடியூப், கூகுள் வரைபடத்தில் உள்ள கடைக் குறிப்பு ஆகியவை குத்தகை நிலம் போன்றவை. குத்தகை நிலத்தில் பயிர் செய்யலாம். கிணறு வெட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டும். கூகுளார் சிறு கடைகளுக்கு இனாமாகக் கொடுத்து வந்த வலைத்தளங்களை 2024-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் நிறுத்தினர். அத்தளங்களுக்கு வருவோரைக் கடைக் குறிப்புக்குத் திருப்பிவிடும் ஏற்பாடும் அவ்வருஷம் ஜூன் 10-ந் தேதியுடன் முடிந்தது. அந்த விலாசத்தை விசிட்டிங் கார்டிலும் பையிலும் அச்சடித்த கடைகளுக்கு அச்சுக் கூலி வீணாயிற்று. 2020-ம் வருஷம் ஜூன் 29-ந் தேதி இந்திய கவர்ன்மெண்டார் டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தபோது, அதில் மாத்திரம் விளம்பரம் செய்து வந்தவர்கள் ஒரே இரவில் தம் வாடிக்கையாளரை இழந்தனர்.

ஆயினும் குத்தகை நிலம் வேண்டாம் என்பதில்லை. ஜனங்கள் கூடும் சந்தை அதுவே. முக்கியமாக, கூகுள் வரைபடத்திலுள்ள குறிப்பு சரியாயிருக்க வேண்டும். தூரத்திலிருந்து காரில் வருகிறவர்கள் அதை நம்பியே வருகின்றனர். இதில் ஒரு நுட்பம் உண்டு. கடைக்காரரல்லாத எவரும் அக்குறிப்புக்குத் திருத்தம் சொல்லலாம்; திறக்கும் நேரத்தை மாற்றலாம்; கடை நிரந்தரமாக மூடப்பட்டது என்றும் தெரிவிக்கலாம். தீபாவளி கழிந்து பூட்டியிருக்கும் கடையைக் கண்ட வழிப்போக்கர் ஒருவர் கபடமின்றியே அவ்வாறு தெரிவித்துவிடக்கூடும். எனவே மாதம் ஒரு முறையாவது தம் கடையின் பெயரைத் தாமே தேடிப் பார்ப்பது அவசியம். வேறொருவர் செல்போனிலிருந்து தேடினால் இன்னும் நலம்; வாடிக்கைக்காரர் கண்ணுக்குத் தெரிவது அதுவே.

சொந்த நிலத்துக்கும் கிஸ்தி உண்டு. வலைத்தளப் பெயரைப் பெரும்பாலும் வருஷக் கணக்கில் புதுப்பிக்க வேண்டும். தவணை தவறி, அதன்பின் தரப்படும் சலுகை நாட்களும் கழிந்தால் அப்பெயர் பொதுவில் வந்துவிடும். வேறொருவர் வாங்கிக்கொள்ளத் தடையில்லை. நெடுநாள் நல்ல பெயரெடுத்த கடையின் விலாசம் மோசக்காரர் கையில் சிக்குமானால் அதைவிட வசதியான போலிப் பக்கம் அவர்களுக்குக் கிடைக்காது. இங்கேதான் கிராமத்தார் அதிகமாக ஏமாறுகின்றனர். பட்டணத்திலுள்ள தளம் செய்யும் பையன், பெயரைத் தன் பேரிலேயே பதிந்து, கடவுச்சொல்லையும் தன்னிடமே வைத்துக்கொண்டு, இரண்டு வருஷம் கழித்து வேறு வேலைக்குப் போய்விடுகிறான். புதுப்பிக்கச் சொல்லி வரும் கடிதம் அவனுடைய மின்னஞ்சலுக்கே போகிறது. பத்திரப் பதிவில் தரகர் பேரில் நிலத்தை எழுதிக்கொள்ள நம்மில் எவரும் சம்மதிப்பதில்லை. இதில் மாத்திரம் சம்மதிப்பது ஆச்சரியமே. பெயர்ப் பதிவு உரிமையாளர் பேரிலும், அதற்குரிய மின்னஞ்சலும் செல்போன் எண்ணும் உரிமையாளருடையவையாயும் இருக்கும்படி முதல் நாளே கேட்டு வாங்குதல் வேண்டும். கணக்குகளுக்கெல்லாம் இரட்டைச் சரிபார்ப்பு ஏற்படுத்திக்கொள்வதும் இன்றியமையாதது.

எந்தப் பருவத்தில் எவ்வேலை

பட்டாசு வியாபாரமும் மானாவாரி விதைப்பும் ஒரே காலத்தில் வந்து மோதுகின்றன. புரட்டாசியில் நிலம் தயாராகி மழையை எதிர்பார்த்திருக்கும். கடையிலோ கூட்டம் ஏறிக்கொண்டிருக்கும். அச்சமயத்தில் பக்கத்தைத் திருத்த உட்காருவேன் என்பது நடவாத காரியம். ஆகையால் பெரிய வேலைகளை ஆடியிலேயே முடித்துவிட வேண்டும். ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு விற்பனை தொடங்குவது பலருடைய வழக்கமாகையால், அதற்கு முந்திய வாரமே தகுந்தது. புது விலைப்பட்டியல், விலக்கப்பட்ட சரக்குகளின் நீக்கம், புதுப் படங்கள், உரிம எண், பார்சலுக்குக் கடைசி நாள், பேசும் எண் ஆகியவற்றை அப்போது சரிபார்த்துக்கொண்டால், புரட்டாசி, ஐப்பசியில் மிச்சமிருப்பது சரக்குத் தீர்ந்ததைக் குறிப்பதும் கேள்விகளுக்குப் பதில் சொல்வதுமே. இவ்விரண்டையும் கடையிலிருக்கும் பிள்ளையோ பெண்ணோ செய்யலாம். தினந்தோறும் புதுப் படமும் வேடிக்கைப் பேச்சும் போட வேண்டுமென்று சிலர் போதிக்கின்றனர், நேரமுள்ளவர் செய்யட்டும். பதினைந்து நாள் பதிலின்றிக் கிடக்கும் ஒரு கேள்வி, பதினைந்து படங்களால் வந்த நன்மையைக் கெடுத்துவிடும்.

தீபாவளி முடிந்த மறுவாரம் ஒரு வேலை இருக்கிறது. பெரும்பாலோர் அதைத்தான் விட்டுவிடுகின்றனர். விசாரணைப் படிவத்தை எடுத்துவிட்டு, இவ்வருஷ விற்பனை முடிந்தது, அடுத்தது ஆடியில் தொடங்கும் என்று முகப்பில் எழுதவேண்டும். பார்சல் வந்து சேராதவரும், பெட்டி நசுங்கி வந்தவரும் பேசுவதற்கான எண்ணை மாத்திரம் விட்டுவைக்க வேண்டும். செக்கு எண்ணெய் விற்போர் புது எள் வரும்போதும், மாம்பழத் தோட்டக்காரர் காய்ப்பு முடிந்தவுடனும் இவ்வாறே செய்தல் நலம்.

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சியாரும் இதில் செய்யக்கூடிய உதவி உண்டு. வெளியூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, இன்ன தெருவில் இன்ன கடை இருக்கிறதா என்று விசாரித்தால், உண்டு அல்லது இல்லை என்று சொல்வதே பெரும் உபகாரம். இல்லாத தெருவையும் இல்லாத கதவிலக்கத்தையும் காட்டும் போலிப் பக்கங்கள் அவ்விடத்திலேயே அகப்பட்டுவிடும். தம் பெயரில் போலிப் பக்கம் இருப்பதாக ஒரு கடைக்காரர் வந்து சொன்னால், அப்பக்கத்தின் விலாசம், அதிலுள்ள எண், பணம் கேட்ட செய்தியின் படம் ஆகியவற்றை அழியாமல் எடுத்து வைக்கச் சொல்லி, சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற தளத்தில் உடனே புகார் பதியச் செய்யவேண்டும். பணம் இழந்தவரானால் 1930 என்ற எண்ணுக்குத் தாமதமின்றிக் கூப்பிட வேண்டும். பணம் பாங்கியிலிருந்து பாங்கிக்கு மாறி வெளியே எடுக்கப்படுவதற்கு முன் தகவல் சேர்ந்தால் நிறுத்திவைக்க வழியுண்டு. மறு நாள் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டவருக்கு அவ்வழி பெரும்பாலும் அடைபட்டுப் போகிறது. புகார் பதிந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, கடைக்காரர் தம் உண்மைப் பக்கத்தின் முகப்பிலும் வாட்ஸ்அப்பிலும், இன்ன எண் எங்களுடையதன்று என்று அன்றே தேதியுடன் எழுதிவிட வேண்டும்.